தர்மபுரி பென்னாகரம் ரோட்டுப் புளியமரத்துப் பட்டறை: ஹீட் ஆகிற பழைய வண்டியை நம்பிக் கொடுக்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய வண்டி ஹீட் ஆகிறது, ஒன்றிரண்டு இடத்தில் காட்டியும் சரியாகவில்லை, ஹெட்டை, அதாவது இஞ்சினின் மேல் பாகத்தை, இறக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்றால், அதற்குச் சம்மதிப்பதற்கு முன் ஒரே ஒரு இரவு இந்தப் பட்டறையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

என்னுடையது 2005 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். தர்மபுரியில் வீடு, பாலக்கோடு பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை, தினமும் போய் வர இந்த வண்டிதான். ஊருக்குள் ஓட்டும்போதும் பாலக்கோடு ரோட்டில் போகும்போதும் ஒரு தொந்தரவும் கிடையாது. பிரச்சினையெல்லாம் சேலம் போய்விட்டுத் திரும்பும்போதுதான். தொப்பூர் கணவாய் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சேலத்துப் பக்கமிருந்து வந்தால் முழுக்க ஏற்றம், முன்னால் பாரம் ஏற்றிய லாரி இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும், முந்தவும் முடியாது நிற்கவும் முடியாது. போன ஏப்ரல் மாதம் மதியம் ஒரு மணிக்கு அந்த ஏற்றத்தில் சூடு காட்டும் மீட்டரின் முள் கிடுகிடுவென்று சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டினேன், பானெட் இடுக்கிலிருந்து ஆவி, பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும்.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. அதை மட்டும் சரியாகச் செய்தேன். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திருகி அழுத்தம் போன அந்த நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்துக்கு வரும். உதவ வந்த லாரி டிரைவர் ஒருவர் பச்சைத் தண்ணீரை இஞ்சின் மேல் ஊற்றப் போனார், அப்பா தடுத்துவிட்டார். அலுமினிய ஹெட், கொதிக்கும்போது சில்லென்று தண்ணீர் பட்டால் வளையும், விரிசல்கூட விடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, துணி போட்டு மெதுவாகத் திறந்து, அப்பா எப்போதும் டிக்கியில் வைத்திருக்கும் ஐந்து லிட்டர் கேனிலிருந்து வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம். அந்தக் கேனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதலில் காட்டியது ஊருக்குள் இருக்கும் கொஞ்சம் பெரிய பட்டறை ஒன்றில். பெயர் வேண்டாம். கேட்டதும் வாட்டர் பம்ப் போயிருக்கும் என்றார்கள், மாற்றினார்கள். இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிவிட்டார்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்று சொல்லி. 6,800 ரூபாய். பழைய பம்ப்பைக் காட்டுங்கள் என்றால் காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டு வாரம் கழித்து அதே தொப்பூர், அதே ஏற்றம், அதே முள். திரும்பப் போனால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) அடித்துவிட்டது, ஹெட்டை இறக்கி லேத்தில் முகம் சீவ வேண்டும், 15,000 ஆகும் என்றார்கள். ஒரு சோதனையும் செய்யவில்லை. வண்டியை நின்ற இடத்திலேயே பார்த்துச் சொன்னது. எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக வந்தது, ஏனென்றால் 20 வருட வண்டிக்கு 15,000 செலவு செய்து, அதற்குப் பிறகும் தொப்பூரில் நின்றால் வண்டியை எடைக்குப் போடச் சொல்லிவிடுவார்கள், அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது.

கூட வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் இந்த இடத்துக்குப் போனேன். பென்னாகரம் ரோட்டில், ஊரின் சத்தம் குறைந்த பிறகு இடது பக்கம் பெரிய புளியமரம், அதன் கீழ் தகரக் கூரை, மண் தரை. பெயர்ப் பலகை கிடையாது. மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும், கூட ஒரு பையன். நான் போன நேரம் மாலை ஐந்து மணி. வண்டியைத் தொடவே இல்லை. உட்கார வைத்துக் கேள்விதான் கேட்டார். எப்போது ஹீட் ஆகிறது, சிக்னலில் நிற்கும்போதா ஓடும்போதா? ஏசி போட்டால் மாறுகிறதா? தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை குறைகிறது? காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வருகிறதா? நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் பார்க்க முடியாது டீச்சர். வண்டிய ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க, காலையில ஏழு மணிக்கு வாங்க. இஞ்சின் நல்லா ஆறியிருந்தாத்தான் அது பேசும்" என்றார்.

அந்தக் கேள்விகளுக்கு என்ன அர்த்தம் என்று மறுநாள்தான் புரிந்தது. நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் மட்டும் ஹீட் ஆகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிட்டால் சந்தேகம் ஃபேன் மேல். மோட்டார், ரிலே, ஃபேன் சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று. ஊருக்குள் நன்றாக இருந்து, ஏற்றத்திலும் ஹைவே வேகத்திலும் ஏறினால் ஃபேன் மேல் பழி இல்லை, ஓடும்போதுதான் காற்று தானாகவே அடிக்கிறதே. அப்போது தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் சூட்டை வெளியே தள்ளவில்லை. என் வண்டி இந்த இரண்டாவது ரகம். இதை முதல் பட்டறையில் யாரும் கேட்கவே இல்லை.

காலை ஏழு மணிக்குப் போனபோது பானெட்டைத் திறந்து வைத்து, எதையும் தொடாமல், எனக்காகவே காத்திருந்தார். இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை, மேல் ஓஸைக் காட்டினார். நசுங்கிப் போய், சப்பையாக, உறிஞ்சி முடித்த பால் பாக்கெட் மாதிரி இருந்தது. தினமும் காலையில் பானெட்டைத் திறந்திருந்தால் நானே பார்த்திருப்பேன். ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். சூடேறும்போது அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் பெரிய வால்வு திறந்து தண்ணீரை ரிசர்வ் பாட்டிலுக்கு அனுப்பும். ஆறும்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து அதே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சின்னது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓஸ் நசுங்கும், பாட்டிலில் தண்ணீர் நிறைய இருக்கும், ரேடியேட்டரில் இருக்காது. பாட்டிலை மட்டும் பார்த்துத் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று ஒரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது இப்படித்தான்.

மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும், அதாவது சுமார் 13 பிஎஸ்ஐ அழுத்தம் வரை பிடித்து நிற்க வேண்டும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது, கூலண்ட் என்கிற குளிர்விக்கும் திரவம் கலந்தால் இன்னும் மேலே. கையால் அடிக்கும் பிரஷர் பம்ப் ஒன்று வைத்திருக்கிறார், அதில் என் மூடியை மாட்டி அடித்தார், முள் 6 பிஎஸ்ஐ தாண்டவில்லை, புஸ் என்று விட்டுவிட்டது. அப்புறம் அதே பம்ப்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி 13 வரை ஏற்றி, டீ குடிக்கப் போகலாம் வாங்க என்றார். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் முள் அப்படியே நின்றது. வெளியே கசிவு இல்லை, உள்ளேயும் பெரிய கசிவு இல்லை.

அடுத்தது கேஸ்கட் சோதனை, இதைத்தான் நான் பயந்துகொண்டே பார்த்தேன். ஆயில் அளவுகோலை உருவித் துடைத்துக் காட்டினார், கறுப்பாகத்தான் இருந்தது, பால் கலந்த காப்பி நிறம் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கமும் சுத்தம். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே, குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, வாயில் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். கேஸ்கட் அடித்திருந்தால் சிலிண்டரில் எரிகிற காற்று தண்ணீருக்குள் புகுந்து விடாமல் குமிழி வரும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பொங்கி வழியும். மூடி போட்டு ஓட்டினால், தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஓஸ் கல் மாதிரி இறுகிவிடும். ஒரு குமிழிகூட வரவில்லை. 15,000 ரூபாய் ஹெட் வேலை அந்த இடத்தில் போய்விட்டது.

பாதிக் காரணம்தான் மூடி. மீதியைத் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரை வைத்துக் கண்டுபிடித்தார். இஞ்சின் நன்றாகச் சூடானதும் ரேடியேட்டரின் முகத்தில் அங்கங்கே அடித்துப் பார்த்தார், மேல் பகுதியில் 88, 90 காட்டியது, கீழே வலது மூலைக்கு வந்தால் 52, நடுவில் ஒரு பட்டை முழுக்க 55. ரேடியேட்டரில் சூடு மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைய வேண்டும். திடீரென்று ஒரு திட்டு மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை என்று அர்த்தம். கைக்கு ஆறின இடம்தான் நோய் உள்ள இடம் என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ஒரு எச்சரிக்கை, எலக்ட்ரிக் ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுழலும், விரலைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டுமானால் சாவியை எடுத்துவிட்டு, ஃபேன் வயரையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பல வருடம் முன்பு அப்பா மாற்றிப் போட்ட செம்பு ரேடியேட்டர் அது. கழற்றி, பக்கத்துத் தெருவில் இருக்கும் ரேடியேட்டர் வேலைக்காரரிடம் கொண்டுபோனோம், ஈய ஒட்டை உருக்கி மேல் டேங்க்கைத் திறந்தார். உள்ளே பார்த்ததும் என் மனசு என்னவோ செய்தது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பாளம் பாளமாகப் பிடித்திருக்குமே, அதே உப்பு, துருவும் சேர்ந்து செங்கல் நிறத்தில். குழாய்களில் பாதி, வாயே தெரியவில்லை.

எங்கள் மாவட்டத் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பல்லில் பழுப்புக் கறையோடு வரும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்ததே அதற்காகத்தான். குடிக்க ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் வண்டிக்கு ஊற்றுவது இன்னமும் போர் தண்ணீர்தான். ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு இல்லை, அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை. கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் சூடு பட்டால் கல்லாகப் படியும், சூடு அதிகமான இடத்தில்தான் அதிகமாகப் படியும். ஒவ்வொரு முறை குறையும்போதும் அப்பா கேனிலிருந்து ஊற்றியது அத்தனையும் அந்த உப்பு. அவர் வண்டியைக் கவனிக்காதவர் இல்லை, வாரா வாரம் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்து ஊற்றியவர், அந்த அக்கறையே குழாய்களை அடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த உப்புப் பாளத்தைக் காகிதத்தில் மடித்துக் காட்டினேன். வெகுநேரம் விரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

ரேடியேட்டர்காரர் தட்டையான மெல்லிய எஃகுப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் விட்டு விட்டுத் தள்ளிச் சுத்தம் செய்தார், அரை நாள் வேலை. ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் கரையுமே என்று நான் கேட்டேன். ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி வைத்தாலும் ஒட்டைத் தின்றுவிடும், இஞ்சினுக்குள் ஊற்றினால் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று மெக்கானிக் அண்ணன் மறுத்துவிட்டார். இஞ்சினுக்குள் இருந்ததை ஓஸ் வழியாக எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, பழுப்பு போய்த் தெளிவாக வரும்வரை கழுவினார். அது முழுக்கப் போயிருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக வரும், மூன்று மாதத்தில் ஒரு முறை கூலண்ட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

புது தெர்மோஸ்டாட் வாங்கிவந்து, மாட்டுவதற்கு முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் போட்டு, திறக்கிறதா என்று காட்டினார். 82 என்று பொறித்திருந்தது, ஏறக்குறைய அந்தச் சூட்டில் மெல்ல வாய் திறந்தது, வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்ற பேச்சை எத்தனை மெக்கானிக் வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்! அது இல்லாவிட்டால் இஞ்சின் தேவையான சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகிறது, இஞ்சின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே தேய்மானமும் அதிகம். அந்த இரண்டு வாரம் என் மைலேஜ் 16லிருந்து 13க்கு இறங்கியதற்குக் காரணம் அதுதான். ஏற்றத்தில் ஹீட் ஆவதையும் அது நிறுத்தவில்லை, அடைப்பு ரேடியேட்டரில் இருக்கும்போது எப்படி நிறுத்தும்?

கடைசியில் கூலண்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிப் பாதி கலந்து ஊற்றினார். வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் சட்டென்று இறங்கும்வரை காத்திருந்து, இறங்க இறங்க ஊற்றினார். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் நல்ல வண்டியும் ஹீட் ஆகும். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் காற்றோ ஆவியோ நின்றால் மீட்டர் முள் குறைவாகக்கூடக் காட்டும், அதை நம்பி ஓட்டினால் இஞ்சின் போச்சு. ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

மொத்தம் 4,100 ரூபாய். ரேடியேட்டர் வேலை 1,400, மூடி 180, தெர்மோஸ்டாட்டும் பேக்கிங்கும் 420, மேல் ஓஸும் கிளிப்பும் 260, கூலண்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் 640, கூலி 1,200. பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கேட்காமலே கையில் கொடுத்தார். முதல் பட்டறை மாற்றிய பம்ப்பையும் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை, கசிவுத் துளையில் ஈரம் இல்லை, அது நல்ல பம்ப் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்னொருவர் வேலையைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் தூண்டியும்.

சரி, குறைகள். மூன்று நாள் ஆனது, இரண்டு நாள் என்றுதான் சொல்லியிருந்தார். போனை எடுக்கவே மாட்டார், கை எண்ணெயாக இருக்கிறது என்பார், நேரில் போனால்தான் விவரம். பெண்கள் காத்திருக்க இடம் இல்லை, கழிவறை இல்லை, இதை அவரிடமே சொன்னேன். பில் நோட்டுத் தாளில் கையால் எழுதியது. ஏசி வேலை தெரியாது. கேஸ்கட் மிகச் சிறிதாகக் கசிந்தால் குமிழி சோதனையில் தப்பிவிடலாம், அதற்கு நீலத் திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவி வேண்டும், அது இவரிடம் இல்லை. வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நட்சத்திரம் குறைத்தது முக்கியமாக இதற்கும் அந்த போனுக்கும்தான்.

வேலை முடிந்த மறு ஞாயிறு, வேண்டுமென்றே மதிய வெயிலில், அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போனேன். இறங்குவது சுலபம், திரும்பி பென்னாகரம் வரை காட்டு ரோட்டில் மலை ஏற வேண்டும், ஏசியும் போட்டு ஏறினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே, நூல் பிடித்த மாதிரி நின்றது. அடுத்த வாரம் தொப்பூர், முன்னால் இரண்டு லாரி, அதே இடம். அசையவில்லை. அப்பா ரோட்டைப் பார்க்கவே இல்லை, முழு ஏற்றமும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது ஐந்து மாதம் ஆகிறது, பாட்டிலில் அளவு ஒரு விரல்கூடக் குறையவில்லை, நிறம் பச்சையாகவே இருக்கிறது, காலையில் ஓஸ் உருண்டையாக இருக்கிறது. டிக்கியில் அதே ஐந்து லிட்டர் கேன், உள்ளே டிஸ்டில்ட் வாட்டர், அப்பாவே பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

போகிறவர்கள் மாலை ஆறுக்குள் வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுங்கள். காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யமாட்டார். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. எப்போது ஹீட் ஆகிறது, ஏற்றத்திலா நிறுத்தத்திலா, எத்தனை நாளுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும், அரை மணி நேரம் மிச்சமாகும்.